முடிச்சுப் போடாத தையல்

அக்கரப்பத்தனைக் கடைவீதியில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் இரண்டு சவப்பெட்டிகளை நிமிர்த்தி வைத்திருக்கும்போது பலகையில் வேறு என்னத்தை எழுதுவது? என் வீட்டுக்காரர் லோரன்ஸ் பலகை அறுத்துப் பெட்டி செய்வார். அவருடைய அக்கா சிசிலி, பெட்டிக்குள் வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைப்பார். நான் இசபெல், அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அழுதுகொண்டு வருகிறவர்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுப்பது என் வேலை.

சிசிலி மதினியைக் கண்டால் ஊரில் பாதிப் பேர் ஒதுங்கிப் போவார்கள். அவர் யாரையாவது மேலும் கீழும் பார்த்தால் அளவெடுக்கிறார் என்று பயம். பயந்ததில் தப்பே இல்லை, அளவுதான் எடுப்பார். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் என்னை அப்படிப் பார்த்து, "நீ அஞ்சடிக்கு மேல ரெண்டு விரல்தான்" என்றார். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மதினிக்கு நான் எதற்காகக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. மனதில் எதையாவது வைத்துக்கொண்டு சொல்கிற ஆள் இல்லை அவர்.

அவர் ஆரம்பத்தில் சவத்துக்குத் தைத்தவர் இல்லை. மெத்தை தைத்தவர். அவர் புருசன் அந்தோனிமுத்துவும் அவரும் பங்களா பங்களாவாகப் போய்த் தேங்காய்த்தும்பு மெத்தை தைத்துக் கொடுப்பார்கள். மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, இந்தப் பக்கம் மதினி, அந்தப் பக்கம் அவர். முழ நீள ஊசியை மதினி குத்தித் தள்ளுவார். அவர் அந்தப் பக்கம் வாங்கி, முடிச்சுப் போட்டு, துணியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பித் தள்ளுவார். ஊசி வருகிறது, கையை எடு என்று அர்த்தம். நடுவில் மெத்தை இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கல்யாணம் கட்டின காலத்தில் பாதியை இப்படி முகம் பார்க்காமலே ஓட்டிவிட்டோம் என்று மதினி சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தோனிமுத்து இடக்கைக்காரர். அவர் போடும் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு நேர்மாறாகத் திரும்பியிருக்கும். என் கல்யாணத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த மெத்தையில்தான் நானும் லோரன்சும் படுத்தோம். அந்த முடிச்சுகளை என் முதுகுக்கே தெரியும்.

எழுபதாம் வருடத்து மழையில் தோட்டத்துக் குடியிருப்பு லயத்துக்குப் பின்னால் மலை சரிந்து அந்தோனிமுத்துவை மூடிவிட்டது. தோண்டி எடுத்துக் கொண்டுவந்து கடையில் கிடத்தினோம். மதினி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் அவருக்குப் பெட்டித் துணி தைத்தார். அதுதான் அவர் தைத்த முதல் சவத்துணி. அதில் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை. செத்தவர்களுக்குத் தைக்கிற நூலில் முடிச்சுப் போடக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். முடிச்சுப் போட்டால் ஆத்துமா அதிலேயே கட்டுப்பட்டுப் போகாமல் நின்றுவிடும் என்பார்கள். அதற்குப் பிறகு எழுபத்துமூன்று, எழுபத்துநாலு பஞ்சத்தில் தோட்டம் தோட்டமாகச் சனம் செத்தபோது, பிள்ளைகளுக்கெல்லாம் மதினி தன் சேலையைக் கிழித்துச் சும்மாவே தைத்துக் கொடுத்தார். எல்லாம் முடிச்சில்லாத தையல்தான். எனக்கு இந்த மாதிரி நம்பிக்கை எதுவும் கிடையாது. பூசைக்குப் போவேன், வருவேன், அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதில் துரைராசா எங்கள் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் அரசாங்க எஞ்சினியர். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நான் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"இந்தப் பக்கம் நல்ல மரவேலைக்காரர் ஆரெண்டு கேட்டன். எல்லாரும் இந்தக் கடையைத்தான் காட்டினவை" என்றார் அவர். "நான் ஒரு பிளேன் செய்யப் போறன்."

சின்ன விமானம் ஒன்றைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் போட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். நாமே வீட்டில் வைத்துப் பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதானாம். பெட்டிகள் கோச்சியில் நானுஓயா ரயில் நிலையத்தில் வந்து இறங்கியிருந்தன. கொழும்பில் பறக்கும் கழகத்தில் ஓட்டப் பழகி லைசன்சும் வைத்திருந்தார். விமானத்தின் உடம்பு இரும்புக் குழாய், அதை அவர் தன் வீட்டுக் கொட்டிலில் வைத்துப் பூட்டுவார். இறக்கைகள் மட்டும் மெல்லிய மரச் சட்டங்களால் ஆனவை. அவற்றைக் கோர்த்து ஒட்டி, மேலே துணி போர்த்தித் தைக்க வேண்டும்.

லோரன்ஸ் தலையைச் சொறிந்தார். "செய்யலாங்க ஐயா. ஆனா நாங்க செஞ்சதுல ஏறினவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லீங்க."

துரைராசா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் திரும்பி வருவன், பயப்பிடாதையுங்கோ." மதினி சிரிக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தார்.

ஆறேழு மாதம் எங்கள் கடையில் இறக்கைகள் வளர்ந்தன. கூரைமரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். கீழே சவப்பெட்டிகள், மேலே இறக்கைகள். பின்னேரத்தில் மூடுபனி கடைக்குள் வந்தால் பெட்டிகள் மறைந்துவிடும், மேலே அந்த எலும்புக்கூடுகள் மட்டும் தெரியும். பெட்டி வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு விலைகூடப் பேசாமல் போனார்கள். நான் லோரன்சைத் திட்டித் தீர்த்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. பெட்டி மூடியை டமார் என்று போடுகிற மனிசன், அந்தச் சட்டங்களைத் தொடும்போது மட்டும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். இருபது வருடமாக ஆட்களை மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு மேலே போகிற ஆசை பிடித்துவிட்டது.

அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியவர் துரைராசா. ஒருநாள் சொன்னார்: "எங்கட கழகத்திலை ஒரு வழக்கம் இருக்கு. வேலை செய்த ஆள், முதல் பறப்பிலை கூட ஏறி இருக்கவேணும். அப்பதான் வேலை கவனமா நடக்கும்." லோரன்சுக்கு முகமெல்லாம் பல். மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒரு துணியை நம்பி ஆகாயத்தில் தொங்கப் போகிறார்.

அந்தத் துணியைத் தைக்க வேண்டியவர் மதினி. துரைராசா அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இறக்கையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார வேண்டும். மெழுகு போட்ட நூலை நீள ஊசியில் கோர்த்து, ஒவ்வொரு சட்டத்தையும் சுற்றித் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும். "ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு, அக்கா. ஒண்டு அறுந்தாலும் மற்றது பிடிக்கும். முடிச்சில்லாட்டி ஒண்டு விட்டால் முழு நூலும் உருவிக்கொண்டு போயிடும். மேலை போகேக்கை காத்து துணியைப் பிச்சு எடுத்திடும். பேந்து கதை முடிஞ்சுது."

மதினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உயிரோட இருக்கறவங்க ஏறறதுதானுங்களே?"

"ஓம் அக்கா, உயிரோடை இருக்கிற ஆக்கள்தான்."

"அப்ப முடிச்சு போடலாம்" என்று ஊசியை எடுத்தார்.

இறக்கையின் மேல்பக்கம் மதினியும் கீழ்ப்பக்கம் நானும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் வெறும் வெள்ளைத் துணி, அதிலிருந்து திடீரென்று ஊசிமுனை வெளியே வரும். நான் வாங்கி, சட்டத்துக்கு மறுபக்கமாகத் திருப்பித் தள்ளுவேன். முடிச்செல்லாம் மதினி பக்கம்தான், எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. வலது இறக்கையை முடித்துவிட்டு இடது இறக்கையில் உட்கார்ந்தபோது நவம்பர் வந்துவிட்டது. எங்களுக்கு அது ஆத்துமாக்கள் மாதம், கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி எரிகிற காலம். மதியத்துக்கே மூடுபனி வந்து தெருவை மூடிவிடும்.

அன்றைக்கு லோரன்ஸ் ஆணி வாங்க ஹட்டனுக்குப் போயிருந்தார். இடது இறக்கையின் மூன்றாவது சட்டத்தில் நாலைந்து தையல் ஆகியிருக்கும், எனக்குக் குளிர் தாங்கவில்லை. "இருங்க மதினி, தேத்தண்ணி ஊத்திட்டு வாறேன்" என்று எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. விறகு ஈரம், புகைந்துகொண்டே இருந்தது. ஊதி ஊதிக் கண் எரிச்சலோடு இரண்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், மூன்றாவது சட்டம் அடிவரைக்கும் தைத்து முடிந்திருந்தது.

"என்னா மதினி, ரெண்டு பக்கமும் நீங்களே சுத்தி ஓடி ஓடி தெச்சீங்களா?"

சுற்றிப் போய் எட்டிப் பார்த்தேன். மதினி கண்ணை மூடி, துணியில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நீ எப்ப எந்திரிச்சுப் போன?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அப்பவே. சொல்லிட்டுத்தானே போனேன்."

அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. நான் என் பக்கம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். ஸ்டூல் சூடாக இருந்தது. அந்தக் குளிரில், யாரோ நெடுநேரம் உட்கார்ந்து இப்போதுதான் எழுந்து போன சூடு. நான் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் மதினி பசைப் பூச்சும் பட்டித் துணியுமாகச் சுற்றி வந்து, அந்தச் சட்டத்துத் தையலின் மேல் இரண்டு பக்கமும் பட்டியை ஒட்டி மூடினார். மற்றச் சட்டங்கள் எல்லாம் தைத்து முடித்த பிறகுதான் பட்டி ஒட்டுவது. இதற்கு மட்டும் ஏன் அவசரம் என்று நான் கேட்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே தடவினார்.

யாராவது பெட்டி வாங்க வந்த ஆள் உட்கார்ந்து விளையாட்டுக்கு ஊசியைத் தள்ளியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்த ஆள் ஏன் பெட்டி வாங்காமல் போனான் என்று மனம் கேட்டது. அதற்குப் பதில் தேட எனக்கு இஷ்டமில்லை. மிச்சச் சட்டங்களைத் தைத்தபோது மதினிதான் மறுபக்கத்தில் நான் இருக்கிறேனா என்று தையலுக்குத் தையல் கூப்பிட்டுக் கேட்டார். "இசபெல்?" "இருக்கேன் மதினி." "இசபெல்?" "இருக்கேன்."

அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூச்சுக் காய்ந்து துணி தப்புமேளத் தோல் மாதிரி விறைத்த பிறகும், இடது இறக்கையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் துணி மெல்ல உள்ளே போய் வெளியே வரும். காற்று என்றார் லோரன்ஸ். கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். மதினி சாயங்காலமானால் ஸ்டூலை அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் விளக்கேற்றப் போனபோது அவர் மெதுவாகப் பேசுவது கேட்டது. "போதுங்க. கைய எடுங்க. போங்க" என்று கெஞ்சுகிற குரல். நான் விளக்கை ஏற்றாமலே திரும்பி வந்துவிட்டேன்.

பெப்ரவரியில் இறக்கைகளை லொறியில் ஏற்றி டயகமவுக்குக் கொண்டுபோனோம். அங்கே தோட்டத்துக்கு மேலே ஒரு நீளப் புல்வெளி இருந்தது. துரைராசா விமானத்தின் உடம்பை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். வழிநெடுக, சவப்பெட்டிக் கடை லொறியில் இவ்வளவு நீளத்துக்கு வெள்ளையாக என்னவோ போகிறது என்று ஆட்கள் பாதையை விட்டு இறங்கி நின்றார்கள். ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பொம்பிளைகள் கூடையோடு நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "எந்தத் தோட்டத்துத் துரை செத்துட்டாரும்மா?" என்று கூவிக் கேட்டாள். மதினி இடது இறக்கையைக் கட்டிப்பிடித்தபடி லொறியின் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிரேதத்தோடு போகிற பெண்சாதி உட்காருவது போலவே இருந்தது.

கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, தட்டிப் பார்த்து, சரி சொல்லிவிட்டுப் போனார். பட்டி ஒட்டிய பிறகு அடியில் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரைராசா தனியாகப் புல்லில் ஓட்டி, ஒரு மர உயரத்துக்கு எழும்பி இறக்கிக் காட்டினார். அதற்கடுத்த ஞாயிறு, மலையைச் சுற்றி வருவதற்கு லோரன்ஸ் பின்சீட்டில் ஏற வேண்டும்.

அன்றைக்குக் காலையில் மதினி பூசைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். லோரன்ஸ் காலைத் தூக்கி ஏறப் போகும்போது கையைப் பிடித்து இழுத்தார். "நீ எறங்கு. நான் ஏறுறேன். தெச்சது நான்தானே."

"என்னாக்கா வெளையாடுறீங்களா?" என்று லோரன்ஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதினியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "என்னா நடந்துச்சு, சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். நான் தேத்தண்ணி ஊற்றப் போன அன்றைக்கு, ஊசி திரும்பி வரும் முன்னால் துணியில் இரண்டு தட்டுக் கேட்டதாம். "அப்பவே தெரிஞ்சுச்சு இசபெல். ஒன் கை இல்லன்னு. நான் நிப்பாட்டியிருக்கணும். ஒம்பது வருசம் ஆச்சேடி, கைய எடுக்க மனசு வரல. தெச்சுக்கிட்டே போனேன். ஆனா முடிச்சு போடல. போட்டா அவரு அதுக்குள்ளயே நின்னுருவாரு. அந்தச் சட்டத்துல பாதிக்கு மேல என் கையால முடிச்சு இல்ல. லோரன்ஸ் ஏற வேணாம். போனா நான் போறேன்."

"என் புருசன அதுல ஏத்திவிட இவ்வளவு நாளும் வாய மூடிக்கிட்டா இருந்தீங்க? நீங்க ஏறினா மட்டும் அந்த எஞ்சினியர் ஐயா சாகலாமா? நீங்க சாகலாமா?" என்று கத்தினேன். கத்தியபடியே துரைராசாவிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன், ஸ்டூல் சூடு உட்பட.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சவரக்கத்தி ஒன்றை எடுத்து, இடது இறக்கையின் மூன்றாவது சட்டத்தில் மேல்பக்கப் பட்டியைக் கீறி உரித்தார். மதினி சொன்னது போலவே நாலைந்து முடிச்சுக்குப் பிறகு வெறும் நூல் ஓடியிருந்தது. அவர் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு குனிந்து, கீழ்ப்பக்கப் பட்டியையும் உரித்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"கீழ்ப்பக்கத்திலை முடிச்சு இருக்கு" என்றார். "ஒவ்வொண்டுக்கும் இருக்கு. மற்றதுகளைவிட இறுக்கமா இருக்கு. ஆர் கட்டினது? இசபெல், நீங்களோ?"

நானும் குனிந்து பார்த்தேன். முடிச்சுகள் எல்லாம் நேர்மாறாகத் திரும்பியிருந்தன. எதிலும் நம்பிக்கை இல்லாத நான் அந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டிய தேவைகூட எனக்கு இருக்கவில்லை.

மதினி வந்து பார்த்தார். அவர் எதைத் தடுக்க நினைத்தாரோ அது நடந்திருந்தது. மதினி கட்டாமல் விட்டதை அந்தோனிமுத்து தன் கையாலேயே கட்டிவைத்திருந்தார். துரைராசாவுக்கு அந்த முடிச்சுகள் உயிருக்கு உத்தரவாதம். மதினிக்கு அவை புருசனைப் பூட்டிய பூட்டு. துரைராசா கத்தியை அவரிடம் நீட்டி, "அக்கா, உங்களுக்கு மனமில்லையெண்டால் அறுத்துப் போட்டு வேறை தையுங்கோ. அடுத்த கிழமை பறக்கலாம். ஒண்டும் அவசரமில்லை" என்றார். நல்ல மனிதர்.

மதினி கத்தியை வாங்கினார். முதல் முடிச்சில் வைத்தார். ஊரில் எத்தனையோ பேரை ஒரு முடிச்சும் இல்லாமல் லேசாக அனுப்பி வைத்த கை அது. அன்றைக்கு அது நகரவில்லை. கடைசியில் கத்தியைத் துரைராசாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்தத் துணி எத்தன வருசத்துக்குங்க ஓடும்?"

"ஒரு பத்து வருசம். பேந்து உரிச்சுப்போட்டுப் புதுசா போர்க்கவேணும்."

"அப்ப என்னையக் கூப்பிடுங்க. நான் வந்து அவுக்கிறேன்" என்றார் மதினி. "அதுக்குள்ள எனக்கு மனசு வந்துரும்."

அவரே புதுப்பட்டி ஒட்டினார், இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டு. பூச்சுக் காய்ந்த பிறகு லோரன்ஸ் ஏறினார். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்: அந்த முடிச்சுகளை நான் பார்த்திருந்தேன். விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடி எழும்பியது. எழும்பின கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து அதை விழுங்கிவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் கேட்கும், திரும்பினால் பின்னால் கேட்கும், ஒருதடவை எங்கள் காலுக்குக் கீழே பள்ளத்திலிருந்து கேட்டது. நான் செபமாலையை இழுத்து அறுத்தே விட்டேன். பிறகு சத்தமும் நின்றுவிட்டது. மதினி மட்டும் அசையாமல் ஒரே திசையில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாறாங்க" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே அது வெளியே வந்தது.

இறங்கியதும் லோரன்ஸ் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். "ஒரு எடத்துல ஒண்ணுமே தெரியல, இசபெல். ஐயா வலது பக்கம் திருப்பப் பாத்தாரு. எடது பக்கத்து எறக்கய யாரோ புடிச்சு இழுத்த மாதிரி அந்தப் பக்கமே போச்சு. வலது பக்கம் மலை இருந்துச்சு" என்றார். துரைராசா மதினியின் முன்னால் வந்து நின்று கையைக் கூப்பினார்.

அதன் பிறகு மூன்று வருடம் அந்த விமானம் பறந்தது. எஞ்சினியர் வீட்டுக் கொட்டிலில், நுவரெலியாவில் நிற்கும். இறக்கையைக் கழற்றி மாட்ட லோரன்ஸ் போவார். மதினியும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கூடப் போவார். திரும்பி வருகிற பஸ்ஸில் முகம் தெளிந்திருக்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் புருசன் பக்கத்திலேயே இருந்து குறட்டை விடுகிறார், அவரைப் பார்த்து எனக்கு அப்படி முகம் தெளிந்ததில்லை.

எண்பத்துமூன்று ஜூலையில் நுவரெலியாவில் தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். எங்கள் கடைவீதியில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு லயங்களுக்கு ஓடினோம். நாலைந்து நாள் கழித்து லோரன்ஸ் எப்படியோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார். துரைராசா குடும்பத்தை அயலில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருந்தார், அவர்கள் அகதி முகாமுக்குப் போய்விட்டார்கள். வீடு எரிந்துவிட்டது, கொட்டிலும் எரிந்துவிட்டது. இரும்புக் குழாய் மட்டும் வளைந்து கிடந்தது என்றார்.

மதினி எழுந்து நின்றார். "எறக்க?"

"சாம்பல்தான் அக்கா."

"எடது பக்கமும்?"

லோரன்ஸ் தலையாட்டினார். மதினி அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தார். அந்தோனிமுத்துவை மண்ணிலிருந்து தோண்டி எடுத்துக் கொண்டுவந்த அன்றைக்கு அழாத அழுகையை அன்றைக்கு அழுதார். லயம் முழுக்கக் கேட்டது. "நான் கட்டிப் போட்டு வெச்சிருந்தேனே. அறுத்துவிட்டிருந்தா போயிருப்பாரே. எனக்காகத்தானே நின்னாரு. நெருப்புக்குள்ள நின்னுருப்பாரே இசபெல், போக முடியாம நின்னுருப்பாரே" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

அந்த மாதிரி நேரத்தில் அழாதீங்க மதினி என்று சொல்லத்தான் வாய் வரும். எனக்கு அது வரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நூலு மெழுகு போட்டது மதினி. நெருப்பு பட்டதும் மொதல்ல நூலுதான் எரியும். அதுக்கப்புறந்தான் துணி. முடிச்செல்லாம் மொதல்லயே அவுந்திருக்கும்."

அவர் அழுகை நின்றது. என்னையே பார்த்தார். அந்தப் பூச்சுத் தடவிய துணி தீக்குச்சி காட்டினால் போதும், நூலுக்கு முந்தியே பேப்பரை விட வேகமாகப் பற்றும். வெட்டி எறிந்த துண்டுகளை அடுப்பில் போட்டு எரித்தவர்களே நாங்கள் இரண்டு பேரும்தான். எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஆமா, மெழுகு நூலு" என்றார் மதினி.

"மெழுகு நூலு மதினி" என்றேன் நான்.